எவரெஸ்ட்டிலிருந்து நெய்யூர் ஆஸ்பத்திரி வரிசைக்கு: யார் இந்த டாக்டர் சோமர்வெல்?

கன்னியாகுமரி மாவட்டம் திங்கள்நகர் பக்கத்தில் இருக்கிறது நெய்யூர். பெரிய ஊர் இல்லை. ஆனால் அங்குள்ள சி.எஸ்.ஐ. மிஷன் ஆஸ்பத்திரியைத் தெரியாதவர்கள் அந்த வட்டாரத்தில் குறைவு. கேரள எல்லையைத் தாண்டி காரக்கோணம் போனால், 2002-ல் தொடங்கிய ஒரு மருத்துவக் கல்லூரி வரும். அதன் பெயரில் டாக்டர் சோமர்வெல் என்று ஓர் ஆங்கிலேயரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அதே பெயர் எவரெஸ்ட் வரலாற்றிலும் உண்டு. 1924-ல் உச்சிக்குப் போகும் வழியில் காணாமல் போன ஜார்ஜ் மல்லோரியிடம் ஒரு கோடாக் பாக்கெட் கேமரா இருந்தது. அது கிடைத்தால், டென்சிங்–ஹிலாரிக்கு 29 ஆண்டுகள் முன்பே யாராவது உச்சியைத் தொட்டார்களா என்ற கேள்விக்கு விடை கிடைக்கலாம் என்று இன்னும் தேடுகிறார்கள். அந்தக் கேமராவை மல்லோரிக்கு இரவல் கொடுத்தவர் இந்த சோமர்வெல்தான்.

உலகமே கவனித்த ஒரு சாதனைப் பட்டியலில் ஏற்கெனவே இடம்பிடித்திருந்தவர், திருவிதாங்கூரின் தென்மூலையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் 26 ஆண்டுகள் கழித்தது எதற்கு? இந்தக் கேள்விக்கு இப்போது ஒரு புது அர்த்தமும் இருக்கிறது.

தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கும் நண்பர் யாராவது உங்களுக்கு இருந்தால் கேட்டுப் பாருங்கள். மாசக் கடைசியில் அவர் ஓட்டமாக ஓடுவது பெரும்பாலும் ஊருக்குள் இருக்காது, எக்செல் ஷீட்டுக்குள் இருக்கும். எத்தனை பயனாளிகள், எத்தனை முகாம்கள், ஒரு ஆளுக்கு என்ன செலவு, டார்கெட்டில் எத்தனை சதவீதம்? 2013 கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை சமூகப் பொறுப்புக்காகச் செலவிட வேண்டும். 2021-ல் வந்த விதித் திருத்தத்தின்படி, ஆண்டுக்கு 10 கோடி ரூபாய்க்கு மேல் இந்தக் கடமை உள்ள நிறுவனங்கள், 1 கோடிக்கு மேற்பட்ட திட்டங்களுக்கு வெளியாளை வைத்துத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும். பணம் கொடுப்பவர் கணக்குக் கேட்பது நியாயம்தான். ஆனால் கணக்கில் எழுத முடியாத வேலையை அப்புறம் யார் செய்வது? சோமர்வெல்லின் வாழ்க்கை இந்த இடத்தில்தான் சுவாரசியமாகிறது. ஏனென்றால் எண்களில் தோற்றுப்போய், அந்த ஆற்றாமையில் மனிதர்களைப் பேச வந்தவர் அல்ல அவர். எண்களில் ஜெயித்தவர்.

செருப்புக் கம்பெனிக் குடும்பத்துப் பையன்

தியடோர் ஹோவர்ட் சோமர்வெல் 1890 ஏப்ரல் 16-ம் தேதி இங்கிலாந்தின் கெண்டல் நகரில் பிறந்தார். கே ஷூஸ் என்ற பிரபலமான காலணி நிறுவனம் அவருடைய குடும்பத்துக்குச் சொந்தம். பணத்துக்குக் குறைவில்லை. ரக்பி பள்ளி, பிறகு கேம்பிரிட்ஜ். இயற்கை அறிவியலில் இரண்டு கட்டத் தேர்விலும் முதல் வகுப்பு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆஸ்பத்திரியில் மருத்துவப் பயிற்சி. நடுவில் மலையேற்றம், ஓவியம், இசை. பொறாமைப்பட வைக்கும் பயோடேட்டா.

முதல் உலகப் போரில் ராணுவ மருத்துவப் பிரிவில் பிரான்ஸ் போனார். 1916 ஜூலை 1, சோம் போரின் முதல் நாள். பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் அந்த ஒரே நாளில் 57,000 பேருக்கு மேல் செத்தார்கள், காயப்பட்டார்கள், அல்லது காணாமல் போனார்கள். சோமர்வெல் இருந்த கூடாரத்தில் நான்கு சர்ஜன்கள். வெளியே ஸ்ட்ரெச்சர்களில் நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையாகக் கிடந்தார்கள். யாரை உள்ளே எடுப்பது, யாரை விடுவது என்று நிமிடத்துக்கு நிமிடம் முடிவெடுக்க வேண்டும்.

ஆபரேஷன்களுக்கு நடுவே கிடைத்த சில நிமிடங்களில் அவர் வெளியே போய் அந்த வரிசையில் உட்கார்ந்து பேசினார். செத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூட என்னை முதலில் பாருங்கள் என்று கேட்கவில்லை என்பது அவர் மனதில் ஆணி அடித்ததுபோல் நின்றது. போர் முடிந்து திரும்பியபோது அவர் போரையே எதிர்ப்பவராகியிருந்தார். 1920-ல் எஃப்.ஆர்.சி.எஸ். முடித்தார். லண்டனில் நல்ல எதிர்காலம் காத்திருந்தது.

26,985 அடியும் ஏழு உயிர்களும்

1922-ல் எவரெஸ்ட் குழுவுக்கு அழைப்பு வந்தது. மே 21-ம் தேதி மல்லோரி, நார்டன், சோமர்வெல் மூவரும் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் 26,985 அடி, அதாவது 8,225 மீட்டர் ஏறினார்கள். மனிதன் அதுவரை அந்த உயரத்தை எட்டியதே இல்லை. சில நாளிலேயே அதே குழுவின் ஃபின்ச்சும் புரூஸும் ஆக்சிஜனோடு இன்னும் மேலே போனார்கள். உலக சாதனைக்கு ஒரு வாரம்கூட ஆயுள் இல்லை.

குழு அதோடு நிறுத்தவில்லை. இன்னொரு முயற்சி. ஜூன் 7, புதுப்பனி கொட்டிக் கிடந்த சரிவில் மல்லோரி, சோமர்வெல், கிராஃபோர்டு முன்னே போக, பின்னால் 14 சுமைதூக்கிகள் கயிறுகளில் கட்டிக்கொண்டு ஏறினார்கள். பனிச்சரிவு வந்தது. ஒன்பது சுமைதூக்கிகள் விளிம்புக்கு அப்பால் இழுத்துச் செல்லப்பட்டார்கள். இரண்டு பேரை உயிரோடு தோண்டி எடுக்க முடிந்தது. ஏழு பேர் இறந்தார்கள். ஆங்கிலேயர்களில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

இதை சோமர்வெல்லால் கடந்துபோக முடியவில்லை. நம்மில் ஒருவராவது அவர்களோடு செத்திருக்கக் கூடாதா, அப்படியாவது இந்த இழப்பில் நமக்கும் பங்குண்டு என்று பிழைத்தவர்களுக்குத் தெரிந்திருக்குமே என்று அவர் பின்னாளில் எழுதினார். குற்றவுணர்ச்சியில் எழுதியதுதான். ஆனாலும் 1922-ல் ஒரு ஆங்கிலேயர், சம்பளத்துக்கு மூட்டை சுமந்தவர்களைப் பற்றி இப்படி யோசித்தது சாதாரணம் இல்லை.

இந்தப் பயணத்துக்கு பின்னால் ஒரு பரிசு வந்தது. 1924-ல் பிரான்ஸின் ஷாமோனியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில், 1922 எவரெஸ்ட் குழுவுக்கு மலையேற்றப் பதக்கம் கொடுத்தார்கள். சோமர்வெல்லும் அதில் ஒருவர். நெய்யூரில் கத்தி பிடித்த கை ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய கை என்று சொன்னால், இன்று அந்த ஊர்க்காரர்களே பலர் ஆச்சரியப்படுவார்கள்.

ஒரே ஒரு சர்ஜன், நீளமான வரிசை

1922 பயணம் முடிந்ததும் சோமர்வெல் உடனே ஊர் திரும்பவில்லை. இந்தியாவைப் பார்க்கலாம் என்று வடக்கிலிருந்து கன்னியாகுமரி வரை இறங்கி வந்தார். அந்த வழியில்தான் நெய்யூர் வந்தது.

அப்போது நெய்யூர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. லண்டன் மிஷனரி சொசைட்டி என்ற எல்.எம்.எஸ். நடத்திய ஆஸ்பத்திரி. 1838-ல் டாக்டர் ராம்சே தொடங்கிய மருத்துவப் பணி. பின்னர் வந்த டாக்டர் லீச் 1854-ல் கடலில் மூழ்கி இறந்தார். 1860-களில் டாக்டர் லோ வந்த பிறகுதான் அது நிலைத்தது. லோ செய்த ஒரு காரியம் முக்கியம்: உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவ வகுப்பு ஆரம்பித்தார். அங்கே படித்தவர்கள் கிளை மருந்தகங்களை நடத்தினார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சோமர்வெல் கதைக்கு இது தேவைப்படும்.

1922-ல் சோமர்வெல் பார்த்தது என்ன? டாக்டர் பியூ என்ற ஒரே ஒரு சர்ஜன். அவர் முன்னால் முடியாத வரிசை. சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவர் உதவிக்கு நின்றார்.

யாரும் ஆய்வறிக்கை கொடுக்கவில்லை. திருவிதாங்கூரில் லட்சம் பேருக்கு எத்தனை சர்ஜன் என்ற அட்டவணையைப் பார்த்து அவர் முடிவெடுக்கவில்லை. வரிசையைப் பார்த்தார், கூட நின்று வேலை செய்தார், முடிவு வந்தது. ஆறு வருஷத்துக்கு முன் பிரான்ஸில் பார்த்த அந்த இன்னொரு வரிசை ஞாபகம் வந்திருக்காமல் இருக்குமா? இங்கிலாந்துக்குப் போய், லண்டன் வாய்ப்பை விட்டுவிட்டு, 1923-ல் எல்.எம்.எஸ். டாக்டராக நெய்யூருக்கு வந்து சேர்ந்தார். வயது 33.

கயிறு எட்டவில்லை

வந்த சில மாதங்களிலேயே 1924 எவரெஸ்ட் பயணம். நெய்யூரிலிருந்தே கிளம்பிப் போய்க் குழுவில் சேர்ந்துகொண்டார். இதே சமயம் கேரளத்தில் வைக்கம் சத்தியாகிரகம் நடந்துகொண்டிருந்தது. கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் சிறை போனது இந்த ஆண்டில்தான்.

மலையில் மே மாதம் வானிலை கெட்டது. நார்த் கால் என்ற சுமார் 23,000 அடி உயரத்துப் பனிமேட்டில், நான்காம் முகாமில், நான்கு சுமைதூக்கிகள் தனியாகச் சிக்கிக்கொண்டார்கள். கூட இருந்த ஆங்கிலேயர் கீழே இறங்கிவிட்டார். இந்த நான்கு பேர் புதுப்பனியைப் பார்த்துப் பயந்து மேலேயே நின்றுவிட்டார்கள்.

இப்போது அணித்தலைவர் நார்டன் முன்னால் இருந்த கணக்கைப் பாருங்கள். உச்சிக்குப் போகத் தகுதியான, பழகிய ஆட்கள் குழுவில் மிகச் சிலர். நார்டன், மல்லோரி, சோமர்வெல். மூவருமே ஏற்கெனவே களைத்திருந்தார்கள். சோமர்வெல்லுக்குத் தொண்டை மோசமாகியிருந்தது. மீட்கப் போனால் உச்சி முயற்சிக்குத் தெம்பு மிஞ்சாது. போகாவிட்டால் 1922 மறுபடி நடக்கும். லட்சக்கணக்கான பேர் லண்டனில் பேப்பர் படித்துக் காத்திருக்கும் திட்டம். இன்றைய மொழியில் சொன்னால், வெற்றிக்கு ஒரே ஒரு அளவுகோல்தான்: உச்சி.

மூவரும் மீட்கப் போனார்கள்.

மே 24. கடைசிச் சரிவு ஆபத்தானது. சோமர்வெல் கயிற்றைக் கட்டிக்கொண்டு குறுக்கே போனார். மற்ற இருவரும் கயிறு விட்டார்கள். நான்கு பேரை எட்டுவதற்குச் சுமார் 10 கஜம் இருக்கும்போது கயிறு தீர்ந்துபோனது. அந்த இடைவெளியைச் சுமைதூக்கிகள் தாங்களாகத் தாண்டி வர வேண்டும். முதல் இருவர் வந்துவிட்டார்கள். அடுத்த இருவர் கால் வழுக்கிச் சரிவில் சறுக்கினார்கள். சில கஜத்தில் எப்படியோ பனி அவர்களைத் தாங்கி நிறுத்தியது. கீழே பாதாளம்.

அசையாமல் இருங்கள் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, சோமர்வெல் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். பனிக்கோடரியைச் சரிவில் குத்தி, கயிற்றை அதில் சுற்றி, நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையை நீட்டி ஒவ்வொருவராகப் பின்கழுத்தைப் பற்றி இழுத்தார். நான்கு பேரும் உயிரோடு இறங்கினார்கள்.

பதினொரு நாள் கழித்து, ஜூன் 4-ம் தேதி, நார்டனும் சோமர்வெல்லும் உச்சிக்குக் கிளம்பினார்கள். முந்தின நாள் நர்பு யிஷே, லக்பா சேடே, செம்சும்பி என்ற மூன்று சுமைதூக்கிகள் சுமார் 26,800 அடிக்கு அவர்கள் கூடாரத்தைச் சுமந்து கொடுத்திருந்தார்கள். ஆக்சிஜன் இல்லை. 28,000 அடி அருகே சோமர்வெல்லின் தொண்டை அடைத்துக்கொண்டது, மூச்சு ஏறவில்லை. நார்டனைத் தனியே அனுப்பிவிட்டு உட்கார்ந்தார். நார்டன் 28,126 அடி வரை போய்த் திரும்பினார். ஆக்சிஜன் இல்லாமல் அந்த உயரத்தை 1978 வரை யாரும் தாண்டியதாக உறுதியாகவில்லை.

இறங்கும்போது சோமர்வெல்லுக்கு மூச்சே நின்றது. முன்னால் போகும் நார்டனைக் கூப்பிடக் குரலும் இல்லை. சாகப்போகிறோம் என்று பனியில் உட்கார்ந்தவர், இரண்டு கைகளாலும் தன் மார்பைத் தானே அழுத்தினார். அடைத்திருந்தது வெளியே வந்தது: குளிரில் கருகிய தொண்டையின் உள்சவ்வு. ரத்தம் துப்பியபடி எழுந்து நடந்தார்.

நான்கு நாள் கழித்து மல்லோரியும் இர்வினும் மேலே போனார்கள், திரும்பவில்லை. அந்த மீட்புப் பணி நடந்திருக்காவிட்டால் 1924-ல் யாராவது உச்சியைத் தொட்டிருப்பார்களா? மலையேற்ற வரலாற்று ஆர்வலர்கள் இன்னும் வாதாடும் விஷயம் இது. ஆனால் நான்கு பேர் வீட்டுக்குப் போனார்கள் என்பதில் வாதத்துக்கு இடமில்லை.

சோமர்வெல் நெய்யூர் திரும்பினார். அதன்பிறகு எவரெஸ்ட் குழு எதிலும் அவர் இடம்பெறவில்லை.

நெய்யூரில் என்ன செய்தார்?

தினமும் ஆபரேஷன். இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஆனால் செய்வதற்கு 26 வருஷம் ஆனது.

தென் திருவிதாங்கூரில் அப்போது வயிற்றுப் புண், குறிப்பாக முன்சிறுகுடலில் வரும் அல்சர், அளவுக்கு அதிகமாக இருந்தது. வலி தாங்காமல் வருபவர்கள், சாப்பிட்டது இறங்காமல் எலும்பும் தோலுமாக வருபவர்கள். இன்னொரு பக்கம் வெற்றிலை, பாக்கு, புகையிலை போட்டுப் போட்டு வந்த வாய்ப் புற்றுநோய். இந்த இரண்டிலும் நெய்யூர் டாக்டர்களின் அனுபவம் உலக மருத்துவ இதழ்களுக்கே போனது. சோமர்வெல்லின் சக டாக்டர் ஓர், வெற்றிலைப் பழக்கத்தையும் வாய்ப் புற்றுநோயையும் இணைத்து 1933-ல் லான்செட் இதழில் எழுதினார். அல்சர் அறுவைசிகிச்சை பற்றி சோமர்வெல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சர்ஜரியில் எழுதினார்.

ஆக, இவர் எண்களுக்கு எதிரி இல்லை. எத்தனை ஆபரேஷன், எத்தனை பேர் பிழைத்தார்கள், யாருக்குத் திரும்ப வந்தது என்று எண்ணாமல் அப்படிக் கட்டுரை எழுத முடியாது. வித்தியாசம் வேறொரு இடத்தில் இருக்கிறது. அல்சர் நோயாளிக்கு ஆபரேஷன் பலித்ததா என்பது டிஸ்சார்ஜ் அன்று தெரியாது, வருஷக்கணக்கில் கழித்துத்தான் தெரியும். அதற்கு அந்த மனுஷன் திரும்பி வர வேண்டும். ஆஸ்பத்திரியை நம்பினால்தான் வருவான். மூன்று வருஷ ஒப்பந்தத்தில் வந்துபோகும் டாக்டருக்கு இந்தக் கணக்கு கைக்கே வராது.

நோய்க்குக் காரணம் சாப்பாட்டில் இருக்குமோ என்ற சந்தேகமும் நெய்யூரில்தான் வலுத்தது. மரச்சீனிக்கிழங்கை நம்பி வாழ்ந்த ஏழை வீடுகள், சத்துக்குறைவு, காரம். அந்தக் காலத்து மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளி தனியாக வரமாட்டார், சொந்தபந்தத்தோடு வருவார். அவர்களே பக்கத்தில் அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள். என்ன வேகிறது என்று வார்டைச் சுற்றி நடக்கும் டாக்டருக்குத் தெரியும்.

அடுத்து, ஆட்கள். 1860-களில் டாக்டர் லோ ஆரம்பித்த வழி சோமர்வெல் காலத்தில் பெரிதாக விரிந்திருந்தது. வடக்கே கொல்லத்துக்குப் பக்கத்தில் குண்டறை வரை கிளை ஆஸ்பத்திரிகள். அவற்றை அன்றாடம் நடத்தியவர்கள் உள்ளூர் டாக்டர்களும் கம்பவுண்டர்களும் நர்ஸ்களும்தான். கிளைகளுக்குப் போய் ஆபரேஷன் செய்வதும், கூட நிற்பவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதும் சோமர்வெல்லின் வேலையில் சேர்ந்தது. ஒரு விஷயம் நினைத்துப் பாருங்கள். தானே செய்தால் ஒரு மணி நேரத்தில் முடிகிற ஆபரேஷனை, கற்றுக்கொள்பவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றால் நேரம் இரட்டிப்பாகும். அந்த மாத எண்ணிக்கை குறையும். எந்த டேஷ்போர்டிலும் அது சிவப்பில்தான் தெரியும்.

இதெல்லாம் எந்த ஊரில் நடந்தது என்பதும் முக்கியம். 1926-ல் சுசீந்திரத்தில் கோயில் தெருவில் நடக்கவே சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்தது. திருவிதாங்கூரில் கோயில்கள் எல்லாருக்கும் திறந்தது 1936 நவம்பரில்தான். நெய்யூர் மருந்தகத்திலோ பிராமணரும் நாடாரும் புலையரும் பறையரும், இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து முறைக்குக் காத்திருந்ததை 1860-களின் மிஷன் அறிக்கையே பதிவு செய்திருக்கிறது. நோய் எல்லாரையும் ஒரே பெஞ்சுக்குக் கொண்டுவந்தது. அந்த பெஞ்சை அறுபது வருஷம் கழித்தும் அப்படியே வைத்திருந்தது ஆஸ்பத்திரி நடத்தியவர்களின் முடிவு.

லண்டனும் கணக்குக் கேட்டதே?

கேட்டது. எல்.எம்.எஸ். நன்கொடையில் ஓடிய அமைப்பு. இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை காணிக்கை போடும் சாதாரண ஆட்களுக்கு, தங்கள் பணம் என்ன செய்தது என்று சொல்ல வேண்டும். எனவே ஆண்டறிக்கைகளில் பட்டியல்கள் உண்டு: நோயாளிகள், பள்ளிகள், சபைகள், ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஆமாம், மதமாற்றமும் ஓர் எண்ணாக இருந்தது.

இதை மறைத்துச் சொல்வது நேர்மையில்லை. சோமர்வெல் டாக்டர் மட்டுமல்ல, மிஷனரி. தன் நம்பிக்கையைப் பரப்புவது தன் வேலையின் ஒரு பகுதி என்று வெளிப்படையாக வைத்துக்கொண்டவர். பிரிட்டிஷ் ஆட்சியின் நிழலில் வந்த வசதிகள் அவருக்கு இருந்தன, குடும்பப் பணமும் இருந்தது. சம்பளத்தை நினைக்காமல் லண்டன் வேலையை உதற எல்லாராலும் முடியாது. அவரோடு 26 வருஷம் ரத்தம் துடைத்த உள்ளூர் நர்ஸ்கள் யாரும் எவரெஸ்ட் புத்தகங்களில் வருவதில்லை. இதுவும் கதையில் சேர்த்தி.

ஆனால் ஆஸ்பத்திரிக்கு வந்த எல்லாரும் மதம் மாறிவிடவில்லை, மாறாதவர்களுக்குச் சிகிச்சை குறையவும் இல்லை. தான் எழுதியவற்றில் சோமர்வெல் முன்னால் வைத்ததும் பட்டியலை அல்ல. 1936-ல் ஆஃப்டர் எவரெஸ்ட், 1940-ல் நைஃப் அண்ட் லைஃப் இன் இந்தியா என்று இரண்டு புத்தகங்கள் எழுதினார். மலைக்குப் பிறகு என்ன என்பதுதான் முதல் புத்தகத்தின் தலைப்பே. நன்கொடையாளர்களுக்குப் பிடிக்கும் வெற்றிப் புள்ளிவிவரத்தைவிட, தான் சந்தித்த ஆட்களின் கதைகளே அவற்றில் அதிகம். கதைகளை நம்பிப் பணம் கேட்பதில் ஓர் ஆபத்து உண்டு, நல்ல கதை கெட்ட நிர்வாகத்தை மறைத்துவிடும். நெய்யூரில் மருத்துவக் கட்டுரைகளும் கூடவே வந்ததால் அந்த ஆபத்து குறைந்தது என்று சொல்லலாம்.

காலாவதியான சாதனைகள்

இப்போது அவருடைய அளக்கக்கூடிய சாதனைகளை வரிசையாகப் பாருங்கள்.

1922 உயர சாதனை ஒரு வாரத்துக்குள் போனது. 1924-ல் நார்டன் எட்டிய உயரத்தை 1952-ல் ஸ்விஸ் குழு தாண்டியது. 1953-ல் உச்சியே தொடப்பட்டது. இன்று ஒரே சீசனில் நூற்றுக்கணக்கானவர்கள் ஏறுகிறார்கள்.

மருத்துவத்திலும் இதே கதி. வயிற்றுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளைக் கட்டி அமிலத்தைக் குறைக்கலாம் என்று, வயிற்றை வெட்டி எடுக்காமல் செய்யும் ஒரு முறையை 1945-ல் அவர் வெளியிட்டார். சாமர்த்தியமான யோசனை. ஆனால் 1970-களில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் வந்தன. 1982-ல் ஆஸ்திரேலியாவில் வாரனும் மார்ஷலும் அல்சர் பலருக்கு ஒரு பாக்டீரியாவால் வருகிறது என்று கண்டுபிடித்தார்கள், 2005-ல் நோபல் வாங்கினார்கள். கத்தி போட்ட இடத்தில் ஆன்டிபயாட்டிக் வந்து உட்கார்ந்தது. சோமர்வெல் வாழ்நாளெல்லாம் செய்த ஆபரேஷன்கள் இன்று பெரும்பாலும் தேவையே இல்லை.

நெய்யூர் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1947-ல் எல்.எம்.எஸ். சபைகள் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தன. 1956-ல் அந்தப் பகுதி திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ராஜா போனார், வெள்ளைக்காரர் போனார், லண்டன் பணமும் முன்போல் வரவில்லை. வெளிநாட்டு டாக்டரை மட்டும் நம்பிய இடமாக இருந்திருந்தால் இதில் ஏதாவது ஒரு திருப்பத்திலேயே கதவைச் சாத்தியிருப்பார்கள். நடத்தத் தெரிந்த ஆட்கள் உள்ளூரிலேயே இருந்தார்கள்.

மறுபடி வகுப்பறை

1949-ல் சோமர்வெல் நெய்யூரை விட்டார். வயது 59. ஊருக்குப் போய் ஓய்வெடுக்கவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவைசிகிச்சை ஆசிரியராகச் சேர்ந்தார். ஐடா ஸ்கடர் உருவாக்கிய அந்தக் கல்லூரியில், அப்போது தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கும் அறுவைசிகிச்சையை பால் பிராண்ட் வளர்த்துக்கொண்டிருந்தார். பெரிய சர்ஜன் என்று பெயரெடுத்தவர் அறுபதை நெருங்கும் வயதில் இணைப் பேராசிரியர் பதவியில் போய் உட்கார்வதை இன்றைய லிங்க்ட்இன் எப்படிப் பார்க்குமோ தெரியாது. 1961 வரை, 71 வயது வரை, பாடம் எடுத்தார்.

அரசு மரியாதைகளும் வந்தன: 1938-ல் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம், 1953-ல் ஓ.பி.இ. இங்கிலாந்து திரும்பியதும் உலகின் பழமையான மலையேற்றச் சங்கமான ஆல்பைன் கிளப்பின் தலைவராக 1962 முதல் 1965 வரை இருந்தார். இமயமலையையும் ஏரி மாவட்டத்தையும் ஓயாமல் வரைந்தார்.

1975 ஜனவரி 23-ம் தேதி, இங்கிலாந்தின் ஆம்பிள்சைடில் காலமானார். வயது 84. மல்லோரியின் உடல் 1999-ல் எவரெஸ்ட்டில் கிடைத்தது. 2024-ல் இர்வினின் பூட்ஸும் காலின் எச்சமும் கிடைத்தன. சோமர்வெல் இரவல் கொடுத்த கேமரா மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.